மூன்றாம் பேஸ்

மார்ச் மாதத்தில் ஓர் இரவு பள்ளியின் பழைய மாணவர் வாட்சாப் குழுவில் ஒரு படம் வந்தது. எங்கள் பேண்டு அறை. அலமாரியின் மேல்தட்டில் ஐந்து பேஸ் டிரம்கள், சிறியதிலிருந்து பெரியது வரை. ஒன்றின் தோல் கிழிந்திருந்தது. கீழே சிக்கு மலாயில் எழுதியிருந்தார்: இப்போது 23 பேர்தான் இருக்கிறார்கள், இந்த ஆண்டு போட்டிக்குப் போவதா அல்லது குழுவையே மூடிவிடுவதா என்று தெரியவில்லை, சனிக்கிழமைகளில் யாராவது வந்து உதவ முடியுமா?

எங்கள் காலத்தில் 68 பேர். செய்திக்குக் கீழே நாற்பது பேருக்கு மேல் இதயம் போட்டார்கள். நானும் போட்டேன். யாரும் வருகிறேன் என்று சொல்லவில்லை. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோல் கிழிந்திருந்தது நடுவில் உள்ள டிரம். மூன்றாம் பேஸ்.

மலாய் மொழியில் பேண்டு வாத்தியக் குழுவுக்குப் 'பஞ்சராகம்' என்று பெயர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, சுங்கை பட்டாணியில் ஓர் இடைநிலைப்பள்ளிக்கு வந்த புதிதில், அறிவிப்புப் பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ஏதோ சங்கீத வகுப்பு என்று நினைத்துத்தான் பெயர் கொடுத்தேன். முதல் நாளே வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார்கள். வாத்தியத்தைத் தொட மூன்று மாதம் ஆனது. அதுவரை நடை. இடது கால், வலது கால், எட்டு அடியில் ஐந்து கஜம்.

அந்த ஐந்து கஜக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரியாது. அமெரிக்கக் கால்பந்துத் திடலில் ஐந்து கஜத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எட்டு அடி வைத்தால் ஒவ்வோர் அடியும் இருபத்திரண்டரை அங்குலம். உலகம் முழுக்க இந்த வகை பேண்டுகள் அந்த அடியைத்தான் நடக்கின்றன. எங்கள் திடலில் அந்தக் கோடுகள் கிடையாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிவதற்கு முன்னால் படிவம் இரண்டு பையன்கள் கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போடுவோம். மத்தியானம் மழை பெய்தால் எல்லாம் போய்விடும். அடுத்த வாரம் மறுபடியும் கயிறு.

பேஸ் டிரம் வரிசையில் எங்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். ஒன்று ஒரு சீனப் பெண். இரண்டும் ஐந்தும் மலாய்ப் பையன்கள். நான் நான்கு. மூன்று என் நண்பன். அவனும் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன், ஆனால் வேறு தமிழ்ப்பள்ளி, தோட்டத்துப் பக்கம். சிற்றுண்டிச்சாலையில் மலாய்க்காரர் ஒரு பக்கம், சீனர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் பள்ளி அது. அங்கே ஐந்து பேர் ஒரே வரிசையில் ஒட்டி நிற்க வேண்டியிருந்த இடம் இதுதான். ஒற்றுமையைப் பற்றி யாரும் எங்களுக்குப் பேசவில்லை. பேச நேரமும் இல்லை.

பேஸ் வரிசையின் வேலை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. ஸ்நேர் அடிப்பவன் ஒரு தாளத்தை முழுதாக அடிப்பான். எங்களுக்கு அப்படி ஒருவனுக்கு ஒரு முழு வரி கிடைக்காது. ஒரு வரியை ஐந்து துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்திருப்பார்கள். டிரம்கள் ஐந்தும் ஐந்து சுருதி. ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓடினால் படியில் பந்து இறங்குவதுபோல ஒரு ஓசை வரும். நிமிடத்துக்கு 160 துடிப்பு, ஒரு துடிப்புக்கு நான்கு அடி என்றால், எனக்கு முன்னவன் அடிக்கும் நொடிக்கும் நான் அடிக்கும் நொடிக்கும் நடுவில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று அடித்ததைக் கேட்டுவிட்டு அடிக்கலாம் என்று காத்திருந்தால் தாமதமாகிவிடும். அவன் அடிப்பான் என்று நம்பி நான் அடிக்க வேண்டும். ஆறு மாதம் ஆனது எனக்கு அது வர. வந்த அன்று அவனும் நானும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டோம். திரும்பியதற்கு இருபது தண்டால் எடுத்தோம்.

2013-இல் நான் படிவம் நான்கு. குழுவின் பொருளாளர். அந்த ஆண்டு கோலாலம்பூரில் போட்டி. பேருந்து, இரண்டு இரவு தங்கல், சாப்பாடு, சட்டை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 180 ரிங்கிட். நீல அட்டை போட்ட நோட்டில் 68 பெயர் எழுதி, கட்டியவர்களுக்கு எதிரே சரி போடுவது என் வேலை. கணக்கில் நான் கறாராக இருந்தேன் என்று சிக்கு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பாராட்டினார்.

புறப்படும் வாரம் மூன்று பயிற்சிக்கு வரவில்லை. அவன் பெயருக்கு எதிரே சரி இல்லை. யாரும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. பயிற்றுநர் ஒரே மாலையில் ஐந்து பேருக்கான வரிகளை நான்கு பேருக்கு மாற்றி எழுதினார். அவனுடைய அடிகளில் பாதி இரண்டாம் பேஸுக்கு, பாதி எனக்கு. போட்டியில் வெள்ளி கிடைத்தது. நடுவரின் கருத்துத் தாளில் எங்கள் வரிசையைப் பற்றி ஒரே வரி: பேஸ் தெளிவாக இருந்தது. நால்வர் ஐவரைவிடத் தெளிவாக அடிப்பது எளிது. ஓர் ஆள் இல்லாதது எந்தத் தாளிலும் தெரியவில்லை.

ஊர் திரும்பி நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது கையில் 210 ரிங்கிட் மீதி இருந்தது. சிக்குவிடம் கொடுத்தேன். புதிய டிரம் தோல் வாங்கினார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த இரண்டு எண்களும் எனக்குள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. 180. 210.

அந்தப் பயணம் எனக்கு வேறொரு இடத்திலும் கணக்கில் ஏறியது. நம் பொதுப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். தேசிய அளவில் கலந்துகொண்டால் மதிப்பெண் கூடும். எனக்குக் கிடைத்த பொறியியல் இடத்தில் அந்தப் போட்டிக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பேருந்தில் ஏற முடியாதவனுக்கு அதுவும் இல்லை.

அப்போது நாங்கள் எல்லாரும் யூடியூபில் டிசிஐ பார்த்துக்கொண்டிருந்தோம். டிரம் கோர் இன்டர்நேஷனல். அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிய அமைப்பு. பித்தளை வாத்தியம், தாள வாத்தியம், கொடி வீசும் கலர் கார்டு. புல்லாங்குழலும் கிளாரினெட்டும் கிடையாது. கோடை முழுக்கப் பேருந்தில் ஊர் ஊராகப் போய், பள்ளி உடற்பயிற்சி மண்டபங்களில் தரையில் படுத்து, ஆகஸ்ட் மாதம் இறுதிப் போட்டிக்கு வந்து சேர்வார்கள். 22 வயதோடு கதவு மூடிவிடும். நூறு மதிப்பெண்ணில் மூன்றாம் தசமம் வரை கணக்கிட்டு வெற்றியாளரைச் சொல்வார்கள். எங்களுக்கு அது வைகுண்டம் மாதிரி.

அந்த வைகுண்டத்தின் கதையைப் பின்னாளில்தான் படித்தேன். முதலில் இவை தேவாலயங்களும் முன்னாள் படைவீரர் சங்கங்களும் அந்தந்த வட்டாரப் பிள்ளைகளுக்காக நடத்திய குழுக்கள். தெருப் பிள்ளைகள், ஒரு சீருடை, கையில் ஒரு கொம்பு. மார்க் போடும் முறையும் எளிமையானது. முழு மதிப்பெண்ணில் தொடங்குவார்கள். ஒவ்வொரு தவறுக்கும் நடுவர் ஒரு 'டிக்' போட்டுப் பத்தில் ஒன்றைக் கழிப்பார். 1984-இலிருந்து அந்த முறை இல்லை. எவ்வளவு கழிந்தது என்பதற்குப் பதிலாக எவ்வளவு சாதித்தாய் என்று பார்த்தார்கள். அதனால் கலை வளர்ந்தது, உண்மை. இன்று பொதுத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. தாக்கம் வேண்டுமென்றால் வடிவமைப்பாளர் வேண்டும், மேடைப் பொருள் வேண்டும், அதை ஏற்றிப் போக லோரி வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும். தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவன் நான். எதை அளக்கிறோமோ அதுதான் உற்பத்தியாகும் என்று தினமும் பார்க்கிறேன். அளக்காதது மெதுவாகக் காணாமல் போகும். இன்று முன்னணிக் குழு ஒன்றில் ஒரு கோடை ஆட, பிள்ளையே சில ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். வட்டாரப் பிள்ளைகளின் குழு என்று இப்போது யாரும் சொல்ல முடியாது.

கேடட்ஸ் என்று ஒரு குழு. 1934-இல் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டில் ஒரு தேவாலயத்தைச் சார்ந்து தொடங்கியது. டிசிஐ பட்டத்தைப் பத்து முறை வென்றது. படிவம் மூன்றில் அவர்களுடைய டிரம் வரியை மேசையில் பென்சிலால் தட்டித் தட்டியே நான் அடி வாங்கியிருக்கிறேன். 2024-இல், தொண்ணூறாவது ஆண்டில், அது மூடப்பட்டது. 1980-களில் நடந்ததாகச் சொல்லப்பட்ட பாலியல் வன்முறை தொடர்பான வழக்கும் அதன் செலவும் காரணம். செய்தியைப் படித்தபோது முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். பேருந்தில், பூட்டிய மண்டபத்தில், வீட்டிலிருந்து வெகு தூரத்தில், பிள்ளைகள் பெரியவர்களின் சொல்லுக்கு அப்படியே கட்டுப்படும் ஓர் அமைப்பு இது. எங்கள் குழுவில்கூடப் படிவம் ஐந்து அண்ணன்மார் கன்னத்தில் அறைவதை நாங்கள் ஒழுக்கம் என்றுதான் நினைத்தோம். பெயர் பெற்ற குழு மூடியதற்கு வருந்துகிற நேரத்தில் புகார் சொல்லப் பத்துக்கணக்கான ஆண்டுகள் ஆகிறதே என்பதற்கும் வருந்த வேண்டும்.

நம் ஊர்ச் சிக்கல்கள் வேறு அளவு. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளி மூடியபோது பலருக்குப் பாடம்தான் கவலை. பேண்டுக்கு அது வேறொன்றை அறுத்தது. பள்ளி பேண்டில் பயிற்றுநர் சொல்லிக்கொடுப்பது பாதிக்கும் குறைவு. படிவம் ஐந்து படிவம் மூன்றுக்குச் சொல்லும், படிவம் மூன்று படிவம் ஒன்றுக்குச் சொல்லும். பதினேழு வயதில் எல்லாரும் ஓய்வுபெற்றுவிடுகிற கலை இது. இரண்டு ஆண்டு விட்டால் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் பள்ளியை விட்டே போய்விடுவார்கள். புத்தகத்தில் இல்லாதது, காதில் மட்டும் இருந்தது, அப்படியே போனது. இதோடு பேருந்து வாடகை, இறக்குமதி வாத்தியத்தின் விலை, சனிக்கிழமை டியூஷன்.

இதையெல்லாம் பேசினால் நம்மவர்கள் சிலர் உடனே சொல்வார்கள்: வெள்ளைக்காரன் மேளம் நமக்கெதற்கு, நம்மிடம் உறுமி இருக்கிறதே. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜோகூர் பாருவில் 1988-இல் பிறந்த 24 பருவ முரசுகளைப் பாருங்கள். சீன நாட்காட்டியின் 24 பருவங்களுக்கு 24 முரசு. இந்த மண்ணில், பள்ளிப் பிள்ளைகளின் கையில் வளர்ந்து, 2009-இல் நாட்டின் மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. அதைச் செய்தவர்கள் மற்ற மேளத்தைத் திட்டி அதைச் செய்யவில்லை. எனக்கு மார்ச்சிங் பேண்டு கொடுத்த ஒன்றை வேறு எதுவும் கொடுக்கவில்லை: ஒரே வரியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே எனக்கு, மீதி நாலு பங்கு நான் தேர்ந்தெடுக்காத நாலு பேரிடம். அது பிழைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எந்த விலையில் என்பதுதான் கேள்வி.

படம் வந்த வாரத்தில் மூன்றைத் தேடிப் பிடித்தேன். கூலிமில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். மாமாக் கடையில் உட்கார்ந்தோம்.

"மச்சான், பேண்டு ரூம் படம் பாத்தியா? குரூப்புல போட்டிருந்தாங்க."

"நான் அந்த குரூப்புலயே இல்லடா."

எனக்குத் தே தாரிக் தொண்டையில் நின்றது. சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். பன்னிரண்டு ஆண்டாகத் தூக்கித் திரிந்ததைச் சொல்லிவிட்டேன். 210 வெள்ளி மீதி இருந்துச்சு, உன்னோட காச அதுலயே கட்டியிருக்கலாம், நான் கேக்கவே இல்ல.

அவன் சிரித்தான். "அது இல்லடா. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை காலைல கொண்டாந்திருப்பேன். நீ புதன்கிழமையே எல்லார் முன்னாலயும் லிஸ்ட்ட படிச்சிட்ட."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவன் சொன்ன பிறகு வந்தது. திடலில் வரிசையாக நிற்க வைத்து, கட்டாதவர்களின் பெயரை நான் உரக்கப் படித்தேன். நான்கு பெயர். கறாரான பொருளாளர்.

"ரெண்டு பேர் வீட்டுக்குப் போயி அழுது வாங்கிட்டு வந்தானுங்க. ஒருத்தன் சிக்குகிட்ட போய்ப் பேசினான். எனக்கு அதெல்லாம் வரல லா."

மன்னிப்புக் கேட்டேன். "விடுடா, சின்னப் பசங்கதானே," என்றான். அவனும் அப்போது சின்னப் பையன்தான் என்பதை நான் சொல்லவில்லை.

அவன் இப்போது வார இறுதிகளில் ஓர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். பதினான்கு பேர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை வரை வாசித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். கல்யாணம், கோயில் திருவிழா என்று கிடைக்கும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். புதிதாக வரும் பையனிடம் காசு வாங்குவது கிடையாது. முதல் வருடம் மேளம் தூக்குவான், சாப்பாடு உண்டு. "அங்க சண்டை இல்லையா?" என்று கேட்டேன். "ஏன் இல்ல? போன வருசம்தான் ஒரு குழு ரெண்டா ஒடைஞ்சிச்சு. போட்டியும் நடக்குது, கப்புக்கு அடிச்சிக்கிறானுங்க. ஆனா காசு இல்லன்னு ஒருத்தன அனுப்புனது கெடையாது."

ஏப்ரலிலிருந்து சனிக்கிழமை காலையில் பள்ளிக்குப் போகிறேன். சிக்குவுக்கு நரைத்துவிட்டது. இந்த ஆண்டு திடல் போட்டிக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். விளையாட்டுப் போட்டி தினம், தேசிய தின அணிவகுப்பு, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு சிறு டிரம் குழுவாக மண்டபத்துக்குள் ஆடலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அமெரிக்காவில் குளிர்காலத்துக்காகத் தொடங்கிய வழி அது. முதலில் 1977-இல் கொடிக் குழுக்கள், 90-களில் தாளக் குழுக்களும் சேர்ந்தன. இருபது பேர் போதும். மழை இல்லை, சுண்ணாம்புக் கோடு இல்லை, இரண்டு பேருந்துக்குப் பதில் ஒரு வேன். நாளைக்கு அதுவும் மேடைப் பொருளும் விளக்குமாகப் பெருத்து விலை ஏறலாம். ஏறும்போது யார் இறங்குகிறார்கள் என்று யாராவது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

சீருடைக்கு ஆளுக்கு 60 ரிங்கிட். பழக்க தோஷத்தில் சிக்கு பட்டியலை என்னிடம் நீட்டினார். ஏழு பெயருக்கு எதிரே சரி இல்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வாட்சாப் குழுவில் எழுதினேன்: 420 ரிங்கிட் வேண்டும், யாருக்கு என்று கேட்காதீர்கள். இதயம் போட்டவர்களில் ஒன்பது பேர் பணம் அனுப்பினார்கள். மீதம் 85 இருக்கிறது. அதற்கு டிரம் தோல் வாங்கப் போவதில்லை.

பேஸ் வரிசைக்கு இப்போது நான்கு பேர் கிடைத்திருக்கிறார்கள். மூன்றாவது டிரமுக்குப் பழைய தோல் ஒன்றை மாட்டிச் சுருதி பார்த்து வைத்திருக்கிறேன், தூக்க ஆளில்லை. நான்காம் இடத்தில் நிற்கும் படிவம் இரண்டுப் பெண் கேட்டாள்: "அண்ணா, நாலு பேருக்கு மாத்தி எழுதிடலாமே? அப்ப நல்லா கேக்கும்ல?"

"நல்லாதான் கேக்கும். கொஞ்சம் பொறு," என்றேன்.

ஐந்து பேர் வரியை நான்கு பேராக அடித்துப் பழகுகிறார்கள். மூன்றின் இடம் வரும்போது மனத்தில் எண்ணிவிட்டு அவள் அடிக்க வேண்டும். இன்னும் அவசரப்படுகிறாள்.

வருகிறாயா என்று அவனிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றான். அடுத்த சனிக்கிழமை அவனுக்கு ஷிப்ட் இல்லை.